அந்நியனுக்கு இட்ட பெயர்

ஒரு நாட்டு மக்கள் தம் கரையில் வந்திறங்கிய அந்நியனை எந்தச் சொல்லால் அழைத்தனர் என்பதை ஆராய்ந்தால், அவன் அவர்களிடையே எவ்வாறு நடந்துகொண்டான் என்பதையும் ஓரளவு அறிந்துகொள்ளலாம். நம் 'பரங்கி' என்னும் சொல்லே இதற்குச் சான்று. பிராங்குகள் என்ற ஓர் இனத்தாரின் பெயரை அரபு மக்கள் 'இஃப்ரஞ்ச்' என வழங்கி, மேற்கு ஐரோப்பியர் அனைவரையும் அப்பெயரால் குறித்தனர். பாரசீகத்தில் அது 'ஃபரங்கி' ஆயிற்று. தமிழில் 'பரங்கி' ஆயிற்று. 1498-ஆம் ஆண்டு கோழிக்கோட்டுக் கரைக்கு வந்த போர்ச்சுகீசியரை நம் கடற்கரை மக்கள் இப்பெயரால்தான் அறிந்தனர். அவர்களால் மலபார் முஸ்லிம்கள் அடைந்த இன்னல்களை அரபு மொழியில் எழுதிவைத்த ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் அவர்கள், தம் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலில் அவர்களை 'இஃப்ரஞ்ச்' என்றே குறிப்பிடுகின்றார்கள். பரங்கிப்பேட்டையும் பரங்கிமலையும் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. கடல் கடந்து வந்த காய் ஒன்றும் நம் அடுக்களையில் பரங்கிக்காய் ஆகிவிட்டது.

இதையொத்த சொல் ஒன்று பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளில் வழங்குகின்றது. 'ஹவோலே' என்பது அச்சொல். வெள்ளையர் என்பது அதன் இன்றைய பொருள். நாம் பரங்கி என்று அழைத்த அதே போர்ச்சுகீசியர் பிற்காலத்தில் ஹவாய்க்குச் சென்று குடியேறினர். அங்கே அவர்களுக்கு இந்த வெள்ளையர் பெயர் கிடைக்கவில்லை! தோலின் நிறத்தைக் குறிப்பதாகத் தோன்றும் ஒரு சொல் உண்மையில் எதைக் குறித்தது என்னும் வினா இங்கேதான் எழுகின்றது.

ஹவோலே என்பதற்கு முன்னாளில் வெள்ளையர் என்ற பொருள் இல்லை. அயலிலிருந்து வந்தது எதுவாயினும், மனிதராயினும் செடியாயினும் விலங்காயினும், அது ஹவோலே எனப்பட்டது. நம் நாட்டில் ஆட்டுக்குத் தழையாக வெட்டிப்போடும் சவுண்டல் மரம் அமெரிக்கக் கண்டத்தின் நடுப்பகுதியிலிருந்து ஹவாய்க்குச் சென்றபோது, தங்கள் காட்டில் வளரும் 'கோவா' மரத்தோடு அதை ஒப்பிட்டு, 'கோவா ஹவோலே', அதாவது அயல்நாட்டுக் கோவா, என்று அம்மக்கள் பெயரிட்டனர். ஆப்பிரிக்க இனத்தவரைக் 'கறுத்த ஹவோலே' என்றழைக்கும் வழக்கும் அம்மொழியில் இருந்தது. வெள்ளையர் என்பதே சொல்லின் அடிப்படைப் பொருளாக இருந்திருப்பின் 'கறுத்த வெள்ளையர்' என்னும் முரண்பட்ட வழக்குத் தோன்றியிருக்க இயலாது.

ஆங்கிலக் கடலோடியான ஜேம்ஸ் குக் 1778-ஆம் ஆண்டு சனவரியில் அத்தீவுகளைக் கண்டார். அவருக்கு முன் வாழ்ந்த குவாலிஇ என்னும் ஓவாஹூ தீவின் மன்னர்மீது பாடப்பெற்று, வாய்வழியாக வந்து, 19-ஆம் நூற்றாண்டில் எழுத்தில் பதிவான பழம்பாடலிலும் இச்சொல் காணப்படுகின்றது. தொடுவானத்துக்கு அப்பாலுள்ள தொலைநாட்டைக் குறிக்க அம்மக்கள் வழங்கிய 'கஹிகி' என்னும் பெயரோடு அது அங்கே சேர்ந்து வருகின்றது.

இச்சொல்லின் பிறப்பைப் பற்றி ஹவாயில் ஒரு கதை பரவலாக வழங்குகின்றது. 'ஹா' என்றால் மூச்சு. 'ஒலே' என்றால் இல்லை. அம்மக்கள் ஒருவரையொருவர் சந்திக்கும்போது நெற்றியும் மூக்கும் பொருந்த வைத்து மூச்சைப் பகிர்ந்துகொள்வர். வந்த வெள்ளையரோ கையை மட்டும் நீட்டினர். ஆகவே அவர்கள் 'மூச்சற்றவர்' எனப்பட்டனர் என்பது கதை. கேட்பதற்கு இனிமையாக இருப்பினும் மொழியறிஞர்கள் இதை ஏற்பதில்லை.

அதன் காரணம் நம் வாசகர்களுக்கு எளிதில் விளங்கும். கல் வேறு, கால் வேறு என்பதைத் தமிழர்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹவாய் மொழியிலும் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். அன்றியும், அரபியின் ஹம்ஸாவைப் போல் தொண்டையில் மூச்சைத் தடுத்து ஒலிக்கும் ஓர் எழுத்தும் அம்மொழியில் உண்டு. மூச்சைக் குறிக்கும் 'ஹா' நெடில்; இல்லை என்பதைக் குறிக்கும் 'ஒலே' ஹம்ஸாவோடு தொடங்குவது. ஹவோலே என்னும் சொல்லிலோ முதலெழுத்து குறில். நடுவே ஹம்ஸாவும் இல்லை. 1820-இல் வந்த அமெரிக்கப் பாதிரிமார் அம்மொழிக்கு உரோமன் எழுத்தை அமைத்துக் கொடுத்தபோது, நெட்டுயிர்க்கும் ஹம்ஸாவுக்கும் முறையான குறிகளை அமைக்கவில்லை. ஆகவே ஏட்டில் எல்லாம் ஒன்றுபோல் தோன்றின. கதை பிறக்க இடம் கிடைத்தது. ஒரு மொழியை மற்றொரு மொழியின் எழுத்தில் எழுதும்போது புதிய குறிகள் தேவை என்பதை, அரபுத்தமிழில் கிதாபுகள் இயற்றிய நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். தமிழுக்கே உரிய ஒலிகளுக்கென்று அரபெழுத்தில் அவர்கள் கூடுதல் குறிகளை அமைத்துக்கொண்டது ஈண்டு நினைக்கத்தக்கது.

கதை பொய்யாயினும், அது ஏன் பிறந்தது என்று கேட்பது தவறாகாது. ஒரு சொல்லுக்கு 'மூச்சற்றவர்' என்று ஒரு மக்கள் கூட்டம் பொருள் கற்பித்துக்கொள்ளுமாயின், அச்சொல்லுக்கு உரியவரிடம் அம்மக்கள் பட்டது எத்தகையது என்று நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் ஹவோலே என்பதில் பகைமை இல்லை. புதிதாக வந்த விருந்தினரை 'மலிஹினி' என்றும், மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவரைக் 'கமஆயினா', அதாவது மண்ணின் பிள்ளை, என்றும் அம்மக்கள் அழைத்தனர். 'ஆயினா' என்றால் நிலம். உணவூட்டுவது என்பது அதன் அடிப்பொருள். ஜான் யங் என்னும் ஆங்கில மாலுமி 1790-இல் பிடித்துவைக்கப்பட்டு, பின்னர்த் தீவுகளை ஒன்றாக்கிய பேரரசர் கமேஹமேஹாவின் நம்பிக்கைக்குரிய ஆலோசகரானார். அரச குடும்பத்தில் மணம் முடித்தார். அவருடைய பேத்தி எம்மா அந்நாட்டின் அரசியானார். அந்நியர் ஒருவர் குடும்பத்தில் ஒருவராக ஏற்கப்பட்ட காலம் அது.

பின்னர் நிலைமை மாறியது. முதலில் வந்தது நோய். குக்கின் கப்பல்களோடு மேகநோய் வந்தது. 1848-இல் தட்டம்மையும் 1853-இல் பெரியம்மையும் பரவின. பல இலட்சம் எனப் பலரும் மதிப்பிடும் அம்மக்களின் தொகை, 1853-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 71 ஆயிரமாகவும், 1890-இல் கலப்பினத்தாரையும் சேர்த்துச் சுமார் 40 ஆயிரமாகவும் குறுகியது.

அடுத்து நிலம் போயிற்று. 1848-இல் தொடங்கிய 'மஹேலே' என்னும் நிலப்பங்கீட்டில் மன்னரும் குறுநிலத் தலைவர்களும் அரசும் பங்கு பெற்றனர். 1850-ஆம் ஆண்டு சூலை 10-இல் அந்நியரும் நிலத்தை விலைக்கு வாங்கலாம் என்று சட்டம் இயற்றப்பட்டது. உழுத குடிமக்களுக்குப் பின்னர்க் கிடைத்தது சுமார் 28,600 ஏக்கர். நாட்டின் மொத்த நிலத்தில் அது நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. இவ்வாறு நேரும் என்பதை அம்மக்கள் முன்னரே உணர்ந்திருந்தனர். டேவிட் மாலோ என்ற ஹவாய் அறிஞர் 1837-இல் எழுதிய ஒரு கடிதத்தில், ஆழ்கடலிலிருந்து வரும் பெருமீன்கள் கரையோரச் சிறுமீன்களை விழுங்குவதை உவமையாகக் காட்டி ஆட்சியாளரை எச்சரித்தார். அந்நியரை அமைச்சராக்க வேண்டாம், அவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க வேண்டாம், நிலத்தை விற்க வேண்டாம் என்று பொதுமக்கள் 1845-இல் அரசருக்கு விண்ணப்பங்கள் அனுப்பினர். அவை பயன் தரவில்லை.

1876-இல் ஹவாய்ச் சருக்கரை தீர்வையின்றி அமெரிக்கச் சந்தையில் நுழைய வழி பிறந்ததும் கரும்புத் தோட்டங்கள் பெருகின. தோட்ட முதலாளிகளும் பாதிரிமாரின் வழித்தோன்றல்களும் 1887-இல் ஆயுத பலத்தைக் காட்டி மன்னர் கலாகவுவை ஓர் அரசியல் சட்டத்தில் கையொப்பமிட வைத்தனர். 'துப்பாக்கிமுனைச் சட்டம்' என்றே அதற்குப் பெயர். அமெரிக்க, ஐரோப்பியக் குடியேறிகள் தம் சொந்த நாட்டுக் குடியுரிமையைக் கைவிடாமலே வாக்களிக்க அது இடம் தந்தது. ஆசியர்க்கு வாக்குரிமை இல்லை. மேலவைத் தேர்தலில் வாக்களிக்கக் குறிப்பிட்ட அளவு சொத்தோ வருமானமோ வேண்டும் என்ற விதியால் மண்ணின் மைந்தரில் பெரும்பாலோரும் தள்ளப்பட்டனர்.

1893 சனவரி 16 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றிலிருந்து 162 படைவீரர்கள் ஹோனலூலு நகரில் இறங்கினர். மறுநாள் அரசி லிலியுவோகலானி பதவியிழந்தார். அடுத்து அமைந்த குடியரசின் தலைவர் சான்போர்டு டோல் ஹோனலூலுவில் பிறந்தவர். அரசியின் நாட்டு உச்ச நீதிமன்றத்திலேயே நீதிபதியாக இருந்தவர். 1896-இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. 1897-இல் 21 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தும், 1898-இல் அத்தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன.

டோல் அம்மண்ணில் பிறந்தவராயினும் மக்கள் அவரை ஹவோலே என்றே கருதினர். அயலார் என்று பொருள்பட்ட சொல், நிலத்தையும் ஆட்சியையும் கைப்பற்றிய ஒரு வகுப்பாரின் பெயராகச் சுருங்கிய வரலாறு இதுதான். அச்சொல்லுக்கு வேறு பொருளைக் கொடுத்தது அவ்வகுப்பாரின் நடத்தையே.

இப்போது நம் பரங்கியரிடம் வருவோம். 1878-ஆம் ஆண்டு மதெய்ரா தீவிலிருந்து 'பிரிசில்லா' என்னும் கப்பல் போர்ச்சுகீசியக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு ஹோனலூலுவை அடைந்தது. அதைத் தொடர்ந்து பல்லாயிரவர் குடும்பத்தோடு வந்தனர். சீனரும் சப்பானியரும் உழைத்த அதே கரும்புக் காட்டில் அவர்களும் உழைத்தனர். அவர்களில் பலர் கங்காணிகளாயினர். தோட்டத் துரை ஆவது அவர்களுக்கு அரிதாயிருந்தது. ஐரோப்பியரே ஆயினும் அவர்களை யாரும் ஹவோலே என்று அழைக்கவில்லை. 'புகிகி' என்னும் தனிப்பெயராலேயே அழைத்தனர். அமெரிக்க அரசின் கணக்கெடுப்பும் 1930 வரை ஹவாயில் போர்ச்சுகீசியரைத் தனியாகவும், ஏனைய வெள்ளையரை 'மற்றைக் காக்கேசியர்' என்றும் பிரித்தே எழுதிற்று. 1940-இல்தான் அப்பிரிவு நீங்கியது.

குஞ்ஞாலி மரைக்காயர்கள் எதிர்த்து நின்ற அந்தப் பரங்கியரின் நாட்டவரா இவர்கள் என்று நமக்குத் தோன்றுகின்றது. நம் கரைக்குப் பீரங்கியோடு வந்தபோது அந்நியன் என்ற சொல்லின் முழுப்பொருளும் அவர்களே ஆயினர். மற்றொரு கரையில் மண்வெட்டியோடு இறங்கியபோது அந்தப் பெயருக்கே உரியவர் ஆகவில்லை. தோல் இரண்டு இடத்திலும் ஒன்றே; கையிலிருந்த கருவிதான் வேறு. ஹவோலே என்பது நிறத்தைவிட அதிகாரத்தையே குறித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆங்கில மொழி பிறரை அழைத்த விதத்தையும் சிறிது காண்போம். வேல்சு நாட்டவரின் ஆங்கிலப் பெயரான 'வெல்ஷ்' என்பதற்கு அந்நியர் என்பதே பழம்பொருள். பிரிட்டன் தீவில் முன்னரே வாழ்ந்த மக்களைப் பின்னர் வந்த ஆங்கிலோ-சாக்சன்கள் அந்நியர் என்று அழைத்தனர். அதுவே பெயராக நிலைத்துவிட்டது. வெள்ளையர் தமக்கு இட்டுக்கொண்ட 'காக்கேசியர்' என்னும் பெயரோ புளூமென்பாக் என்ற ஜெர்மானிய அறிஞர் 1795-இல் வழங்கியது. காக்கசு மலைப்பகுதி மக்களே மனிதரில் அழகு மிக்கவர் என்பது அவர் கருத்து. வெள்ளையர்க்குக் குடியுரிமை வழங்கிய அமெரிக்கச் சட்டத்தின்கீழ் இந்தியரான பகத் சிங் திந்த் தாமும் காக்கேசியரே என்று வழக்காடினார். அறிவியல் எவ்வாறு கூறினும், பொதுமக்கள் வழக்கில் அவர் வெள்ளையர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1923-இல் தீர்ப்பளித்தது. எந்தச் சொல்லுக்கு யார் உரியவர் என்பதை அங்கும் அதிகாரமே முடிவு செய்தது.

ஹவாய் மொழியில் மனிதனைக் குறிக்கும் சொல் 'கனாகா'. இச்சொல்லை ஆங்கில மாலுமிகள் எடுத்துப் பசிபிக் தீவினர் அனைவர்க்கும் பெயராக்கினர். 1863 முதல் 1904 வரை ஆசுதிரேலியாவின் குயின்சுலாந்துக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சுமார் 62 ஆயிரம் தீவினர் 'கனாகர்' எனப்பட்டனர். மனிதன் என்ற சொல் கூலியாள் என்று பொருள்பட்டது. அச்சொல் அங்கிருந்து ஜெர்மன் மொழிக்கும் சென்றது. அந்நாட்டில் பிழைப்புத் தேடிக் குடியேறிய துருக்கிய முஸ்லிம்களை இகழ்ந்துரைக்கும் வசைச்சொல்லாக அது மாறியது. துருக்கியக் குடும்பத்தில் பிறந்த எழுத்தாளர் ஃபெரிதுன் ஜைமோக்லு 1995-இல் அந்த வசையையே தம் நூலின் பெயரில் எடுத்து அணிந்துகொண்டார்.

துருக்கி மண்ணை ஒருநாளும் மிதித்திராத நம்மைத் துருக்கியரின் பெயரால் 'துலுக்கர்' என்று அழைத்த வழக்கு இங்கே நினைவுக்கு வருகின்றது. ஒரு பூவுக்குத் துலுக்கச் செவ்வந்தி என்று பெயரிட்டால் அது வந்த வழியைக் குறிப்பதாகக் கொள்ளலாம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, தலைமுறை தலைமுறையாக இம்மண்ணில் அடங்கியவரின் மக்களுக்கு அயல்நாட்டார் பெயரை இட்டால், நீ இம்மண்ணுக்கு உரியவன் அல்லன் என்ற குறிப்பும் அதில் ஒளிந்திருக்க இடமுண்டு. வந்தவன் மண்ணின் பிள்ளை ஆவதும், மண்ணின் பிள்ளை வந்தவன் ஆவதும் பெயரளவில் எத்துணை எளிது! ஹவாயில் நேர்ந்தது அதுவே. பாதிரிமாரின் பேரர்கள் தம்மைக் கமஆயினா என்று சொல்லிக்கொண்டனர். இன்று தீவில் வசிப்போர் யாவர்க்கும் உணவு விடுதிகள் தரும் விலைக் கழிவுக்கும் அதுவே பெயராகிவிட்டது. மண்ணின் மைந்தர்களோ தம் மொழியைப் பள்ளியில் பேசத் தடுக்கப்பட்டனர்.

காலம் மீண்டும் சிறிது திரும்பியுள்ளது. 1978-இல் ஹவாய் மொழி ஆங்கிலத்தோடு அம்மாநிலத்தின் ஆட்சிமொழியாயிற்று. 1984-இல் தாய்மொழியிலேயே பயிற்றும் மழலையர் பள்ளி தொடங்கப்பட்டது. 1893-இல் நடந்ததற்கு அமெரிக்க நாடாளுமன்றம் 1993-இல் மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. நிலம் அதனால் திரும்பிவிடவில்லை.

ஹவோலே என்பது வசைச்சொல்லா என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை. 1990-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மாணவர் இதழில் வெள்ளை மாணவர் ஒருவர் அச்சொல்லால் தாம் புண்பட்டதாக எழுதினார். பேராசிரியை ஹவுனானி-கே டிராஸ்க் அவர்கள், அது தம் மக்களின் மொழியில் உள்ள சொல்லே என்றும், ஹவாயின் வரலாற்றை மறந்து அதைக் குறை கூறுவது தகாது என்றும் கடுமையாக மறுமொழி தந்தார். அவர் கூற்றில் நியாயம் உண்டு. ஆயினும் 2014-இல் மௌயி தீவின் ஒரு சிற்றூரில், தாம் வாங்கிய வீட்டைச் செப்பனிட வந்த வெள்ளையர் ஒருவரை இருவர் கொடுமையாகத் தாக்கினர். அவருடைய இனமே தாக்குதலுக்குக் காரணம் என்று 2022-இல் நடுவர் குழு முடிவு செய்தது. முப்பாட்டன் காலத்து அநீதிக்கு முன்னால் நிற்கும் ஒருவனின் தோல் விலையாகிவிடாது. வரலாற்றைச் சுமக்கும் சொல் வேறு. அச்சொல்லைக் கல்லாக்கி எறியும் கை வேறு.

இவ்விரண்டையும் பிரித்துக் காண நமக்கு வழி காட்டப்பட்டிருக்கின்றது. அரபு மக்கள் தம் மொழி பேசாதவரை 'அஜமி' என்றனர். தெளிவாகப் பேசத் தெரியாதவர் என்பது அதன் உட்பொருள். அச்சொல்லை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மொழியிலிருந்து அகற்றவில்லை. அரபி என்பதாலோ அஜமி என்பதாலோ ஒருவர்க்கு மற்றவரைவிட மேன்மை இல்லை என்று தம் இறுதிப் பேருரையில் அறிவித்து, அச்சொல்லில் இருந்த செருக்கை அகற்றினார்கள். திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் பிறர்க்குத் தீய பட்டப்பெயர் இடுவதை விலக்குகின்றது. மனிதர் பல குலத்தினராகப் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்ற செய்தியும் அதே அத்தியாயத்தில், இரண்டு வசனங்களுக்குப் பின்னர் வருகின்றது. பெயர் என்பது அறிந்துகொள்ளும் வழி. அவ்வழியை அடைக்கும் பெயரே தீய பெயர்.

அரபியில் 'ஙரீப்' என்றால் அந்நியர். அச்சொல்லே உருதுவுக்கு வந்தபோது ஏழை என்று பொருள்பட்டது. அஜ்மீர் ஹாஜா அவர்களைக் 'கரீப் நவாஸ்' என்று போற்றுகின்றோம் அல்லவா? வீடும் சுற்றமும் இன்றி வந்து நிற்பவன் ஏழையே என்ற கனிவு அந்தப் பொருள்மாற்றத்தில் தெரிகின்றது. அந்நியனைக் குறித்த ஒரு சொல் ஓரிடத்தில் இரக்கத்துக்கு உரியவனின் பெயரானது. மற்றோரிடத்தில் அஞ்சத்தக்கவனின் பெயரானது. இரண்டுக்கும் காரணம் வந்தவர் நடந்துகொண்ட முறையும், ஏற்றவர் பட்ட அனுபவமுமே. பிழைப்புக்காகக் கடல் கடந்து பல நாடுகளில் வாழும் நம் மக்களுக்கும் அந்தந்த நாட்டார் ஒரு பெயர் இட்டிருப்பர். அச்சொல் நாளை என்ன பொருள் பெறும் என்பதில் நம் நடத்தைக்கும் பங்குண்டு.